இரண்டாவது சாவி

லீமா, 11 மார்ச் 1999

தம்பி நில்டருக்கு,

இந்தக் கடிதம் வரும் அதே லாஞ்சில் ஓர் அலுவலக உறையும் உனக்கு வரும். அதைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

உனக்கு ஒரு மாதச் சம்பளம் பிடித்தம். பணிப் பதிவேட்டில் ஒரு மெமோ. பிப்ரவரியில் சுகாதார அலுவலகத்துப் பெட்ரோல் கிடங்கின் இரண்டாவது பூட்டைக் கடப்பாரையால் நெம்பி உடைத்ததற்காக. உத்தரவின் அடியில் ஒடிலியா சங்காமா என்று இருக்கும். நான்தான்.

இந்த ஒரு கோப்பை மட்டும் வேறு யாருக்காவது கொடுங்கள் என்று என் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். "உன் தம்பிங்கறதாலதாம்மா நீ போடணும். சொந்தத் தம்பிக்கே சலுகை இல்லன்னு தெரிஞ்சாதான் மத்த மாகாணத்துக்காரன் பயப்படுவான்" என்றார். கேட்டபோது எனக்கும் சரி என்றுதான் பட்டது.

மரம் விழுந்து கால் நசுங்கியவனை ஏற்றிப்போகத்தான் உடைத்தாய். அவன் பிழைத்தும்விட்டான். அறிக்கையிலேயே எல்லாம் இருக்கிறது. நீ ஒரு சொட்டுப் பெட்ரோல் திருடுகிறவன் இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் கிடங்கில் இரண்டு பூட்டு ஏன் தொங்குகிறது என்பதை நீயே மறக்கலாமா? பள்ளி ஆசிரியரின் மனைவி மார்லேனி பிரசவத்தில் சிக்கிக் கிடந்தபோது, ஆஸ்பத்திரிப் படகு துறையில் நின்றது, பீப்பாய்கள் காலி. பெட்ரோலை முந்தைய இயக்குநர் மரக் கம்பெனிக்காரர்களுக்கு விற்றிருந்தார். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவள் உன் கண் முன்னால் செத்தாள். நீதான் எனக்கு எழுதினாய், "லீமாவில் உட்கார்ந்து நீங்களெல்லாம் என்ன கிழிக்கிறீர்கள்" என்று. அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் நான் அமைச்சகத்தின் இந்தக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். செலவுக்கு உத்தரவு போடுகிறவனிடம் ஒரு சாவி, ஸ்டோர் கீப்பரிடம் ஒரு சாவி, இருவரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும் என்று எழுதியதும் நான்தான். உன் கடிதத்துக்குப் பதிலாக எழுதிய விதி அது.

திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. அம்மாவின் முட்டிவலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

ஒடிலியா


புவெர்த்தோ லிரியோ, 2 ஏப்ரல் 1999

மதிப்பிற்குரிய கட்டுப்பாட்டு அதிகாரி அவர்களுக்கு,

மெமோ கிடைத்தது. நல்ல தாள். ஈரத்தில்கூட ஊறவில்லை. சம்பளம் இல்லாத மாதத்தில் வறுத்துத் தின்னலாமா என்று வீட்டுக்காரி எடித் கேட்கிறாள்.

சரி அக்கா, போதும். இனி ஒழுங்காக எழுதுகிறேன்.

உன் விதி வேலை செய்கிறது. இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனாலும் உண்மை. நான் இந்த அலுவலகத்தில் நிர்வாகியாகச் சேர்ந்ததிலிருந்து பீப்பாய்கள் நிறைந்து நின்று பார்த்தது இந்த வருடம்தான். புது இயக்குநர் வாரம் ஒரு முறை கிடங்கைச் சுற்றி வருகிறார். பூட்டுகளைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார், போய்விடுகிறார்.

கோளாறு பூட்டில் இல்லை, பிஞ்சியிடம். நம் ஸ்டோர் கீப்பர் தேயோஃபிலோ பிஞ்சியை உனக்குத் தெரியும். தங்கமான மனுஷன். ஆனால் அவன் வயிற்றில் ஒரு பெரிய முரசைக் கட்டிக்கொண்டுதான் பிறந்திருக்கிறான். ஆற்றங்கரையில் எந்த ஊரில் எந்தப் புனிதருக்குத் திருநாள் என்றாலும் வாத்தியக்குழுவோடு கிளம்பிவிடுவான். சாவியும் அவனோடு போகும், ஏனென்றால் சாவியை வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று நீ எழுதியிருக்கிறாய். பிப்ரவரியில் அவன் திருவிழா ஆட்டத்துக்குப் போயிருந்தான். அதனால்தான் கடப்பாரை.

எனக்காக ஒரே ஒரு வரி சேர்த்துவிடு. உயிருக்கு ஆபத்து என்றால், ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு ஒரு பூட்டை உடைக்கலாம். அவ்வளவுதான்.

மெமோவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உன் கையெழுத்து வந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "புள்ள கையெழுத்து அழகா இருக்கு. தம்பிக்குத்தான் வேட்டு வச்சிருக்கா, இருந்தாலும் அழகு" என்றாள். பிறகு அடுப்பை ஊதிக்கொண்டே, "ஏன்டா, அந்த ரெண்டாவது சாவிய எங்கிட்ட குடுத்துருங்களேன். கிடங்குக்கு எதுத்தாப்புலதான் என் கஞ்சிக்கடை. விடிஞ்சா வந்து உக்கார்றேன், பொழுதடைஞ்சா படுக்கறேன். நான் எங்க போகப் போறேன்? எனக்கு என்ன முரசா அடிக்கத் தெரியும்?" என்றாள். பக்கத்துக் கடை ரோசில்டா சிரித்த சிரிப்பில் வாழைப்பழக் கஞ்சி மூக்கில் ஏறிவிட்டது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

நில்டர்


லீமா, 25 ஏப்ரல் 1999

தம்பி,

நீ கேட்ட வரியைச் சேர்க்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

என் மேசையில் பழைய பெட்ரோல் செலவுச் சீட்டுகள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் காரணம் என்ற இடத்தில் "அவசரம்" என்றுதான் இருக்கிறது. மேயர் மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்துக்கு ஆள் ஏற்றியது அவசரம். சேவல் சண்டைக்குப் போனது அவசரம். ஓர் ஊரில் இயக்குநரின் மாமியாரைச் சந்தைக்கு அழைத்துப்போனதற்கு, "நோயாளியின் உயிருக்கு ஆபத்து" என்று எழுதி முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். மார்லேனியின் பெட்ரோல் போனதும் அந்த ஒரு சொல்லின் வழியாகத்தான். அதை நானே திறந்துவிட வேண்டும் என்கிறாயா? உன்னைப் போன்ற ஒருவனுக்காக ஒரு வரி எழுதினால், உன்னைப் போல இல்லாத நூறு பேர் அதற்குள் புகுந்துவிடுவார்கள்.

அம்மாவிடம் சொல், நானும் சிரித்தேன் என்று. ஆனால் நிர்வாகியின் தாயிடம் அரசாங்கச் சாவி இருக்கக் கூடாது. இரண்டு சாவியும் ஒரே வீட்டில் இருந்தால் அது ஒரு பூட்டுதான். பிஞ்சிக்கு எழுத்தில் உத்தரவு கொடு. எங்கே போனாலும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு முறை பூட்டு உடைந்தால் பிடித்தம் இல்லை, பணி நீக்கம். அந்தக் கோப்பும் என்னிடம்தான் வரும். அதை என்னைச் செய்ய வைக்காதே, நில்டர். உன் இரண்டு குழந்தைகளின் முகத்தில் அப்புறம் நான் எப்படி விழிப்பேன்?

ஜூன் வந்துவிட்டால் இங்கே சூரியனையே பார்க்க முடியாது. சான் ஹுவான் திருநாளுக்கு இங்கே விற்கும் ஹுவானேச் சோற்றுப் பொட்டலத்தைத் தின்றால் அழுகைதான் வருகிறது. சோற்றில் மஞ்சள் கிடையாது, கோழி கிடையாது, எதையோ காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். அம்மாவை இரண்டு கட்டி அனுப்பச் சொல். பீஹாவ் இலையில் அம்மா கட்டுவதுபோல, முடிச்சு மேலே நிற்கும்படி. இக்கிட்டோஸிலிருந்து விமானத்தில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.

அக்கா


புவெர்த்தோ லிரியோ, 20 மே 1999

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் உன்னை மனத்துக்குள் வைதேன். ஐந்தாம் நாள் சந்தைக்குப் போன அந்த மாமியார் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. உனக்குக் கெட்ட பெயர் வரும்படி எதுவும் செய்ய மாட்டேன். பூட்டு உடையாது. இது நான் கொடுக்கும் வாக்கு.

பிஞ்சிக்கு உத்தரவைப் படித்துக் காட்டினேன். "எங்க போறேன்னு எழுதி ஒட்டிட்டுப் போறேன் தலைவா. ஆனா வாத்தியக்குழு எந்த மணல் திட்டுல எறங்கும்னு கடவுளுக்கே தெரியாதே, அத என்னன்னு எழுதறது?" என்று கேட்டான். கரையின் பெயரையாவது எழுது என்றேன்.

உனக்கு ஹுவானே உறுதி. அம்மா இப்போதே கோழியைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அதற்கு ஒடிலியா என்று பெயர் வைத்து, கொழுக்கட்டும் என்று தனியாகத் தீனி போடுகிறாள்.

தம்பி


புவெர்த்தோ லிரியோ, 29 ஜூன் 1999

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். அதில் "அம்மா காலமானாள், அடக்கம் முடிந்தது" என்று மட்டும்தான் போட முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுதாவிட்டால் என்னால் எழுத முடியாது.

சான் ஹுவானுக்கு முந்தின நாள் காலை, அம்மா ஓடைக்குப் பின்னால் பீஹாவ் இலை வெட்டப் போனாள். இலைக்கு அடியில் பாம்பு. கெண்டைக்காலில் கடித்தது. தானே நொண்டி நொண்டித் துறை வரைக்கும் வந்துவிட்டாள். ரோசில்டா கத்தி என்னைக் கூப்பிட்டாள். விஷமுறிவு மருந்து கீழாற்றுப் பெரிய ஆஸ்பத்திரியில்தான். விசைப்படகு நின்றது. பீப்பாய்கள் நிறைந்து நின்றன. என் சாவி என் கையில் இருந்தது.

பிஞ்சி வாத்தியக்குழுவோடு போயிருந்தான். "மேலக்கரை" என்று எழுதி ஒட்டியிருந்தான். ஊரே மணல் திட்டுகளில் குளிக்கவும் சமைக்கவும் போயிருந்தது. ரோசில்டாவைத் தவிர எல்லாக் கடைகளும் அடைப்பு. பெட்ரோல் விற்கிறவன்கூட ஆற்றில்தான் இருந்தான். துறையில் கிடந்தது சின்ன மோட்டாரோடு மெதுவாகப் போகும் ஒரு பெக்கே-பெக்கே ஓடம் மட்டும். அந்த ஓடத்தில் அம்மாவை ஏற்றினால் ஆஸ்பத்திரி போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும்.

நான் கடப்பாரையை எடுத்தேன் அக்கா. எடுத்துக்கொண்டு பூட்டு வரைக்கும் போனேன். அம்மா ரோசில்டாவின் பலகையில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வேணாம்டா. வேலைய விட்டுட்டு ரெண்டு புள்ளைகளுக்கு என்னத்த ஊட்டுவ? அவ கையாலயே உன்ன வெளிய அனுப்ப வைக்காத. போய்ச் சாவிய வாங்கிட்டு வா. நான் எங்க போகப் போறேன், இங்கதான் இருப்பேன்" என்றாள். கால் கொஞ்சம்தான் வீங்கியிருந்தது. நன்றாகத்தான் பேசினாள். நான் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த ஓடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு திட்டாகத் தேடினேன். எல்லாத் திட்டிலும் முரசுச் சத்தம் கேட்டது. எந்தத் திட்டில் ஏறினாலும் அது வேறு குழுவாக இருந்தது. "வா நில்டர், ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றார்கள். பிஞ்சியைக் கண்டுபிடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவன் முரசைத் தண்ணீரில் போட்டுவிட்டு என் ஓடத்தில் குதித்தான்.

இரண்டு சாவியும் போட்டோம். கதவு திறந்தது. பிஞ்சி அழுதுகொண்டே பதிவேட்டில் எழுதினான், நானும் கையெழுத்துப் போட்டேன். படகு முதல் வளைவைத் தாண்டுவதற்குள் அம்மா போய்விட்டாள். தலை என் மடியில்தான் இருந்தது. மார்லேனியின் தலை இருந்த அதே மடி.

எல்லாம் விதிப்படி நடந்தது. பூட்டு உடையவில்லை. நீ எந்தக் கையெழுத்தும் போட வேண்டாம்.

நில்டர்


லீமா, 15 ஜூலை 1999

நில்டர்,

மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன்.

தந்தி வந்த அன்று விமானச் சீட்டு வாங்கினேன். கிளம்பும் அன்று உன் கடிதமும் வந்தது. விமான நிலையம் வரைக்கும் போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விமானம் போகும் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். உன் முன்னால் வந்து நிற்கத் தைரியம் இல்லை. இதற்கு மேல் அதற்கு விளக்கம் இல்லை.

இலை யாருக்காக வெட்டப் போனாள் என்று நீ எழுதவில்லை. நான் அதைத் தேடித் தேடிப் படித்தேன். நீ எழுதவே இல்லை. எல்லாவற்றையும் எழுதிய நீ அதை மட்டும் விட்டிருக்கிறாய். அதற்காக உன் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருக்கிறது.

அலுவலகத்தில் என்னை விடுப்பு எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. உன் வரியை எழுதினேன். நீ ஏப்ரலில் கேட்டது, அதே சொற்களில். உயிருக்கு ஆபத்து என்றால், ஒரு சாட்சியோடு ஒரு பூட்டை உடைக்கலாம். மேலதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எல்லா மாகாணங்களுக்கும் சுற்றறிக்கை போய்விட்டது. காலம் கடந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

ஒடிலியா


லீமா, 22 ஆகஸ்ட் 1999

நில்டர், உன் கடிதம் வரவில்லை. குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று எடித்தையாவது எழுதச் சொல்.


புவெர்த்தோ லிரியோ, 18 செப்டம்பர் 1999

அக்கா,

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இது அலுவலக விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

உன் சுற்றறிக்கை ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்தது. அந்த வாரமே இயக்குநர் ஒரு சீட்டோடு வந்தார். காரணம்: உயிருக்கு ஆபத்து. யார் உயிருக்கு என்றேன். "நம்ம பசங்க பந்தாட்டத்துக்குப் போறாங்க நில்டர். வாடகை ஓடத்துல போனா கவுந்துடும். ஆபத்தா இல்லையா நீயே சொல்லு" என்றார். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பரவாயில்லை, சாட்சி போதும் என்று டிரைவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, நான் அம்மாவுக்காக எடுத்துக் கீழே வைத்த அதே கடப்பாரையால் என் பூட்டை உடைத்து, பிஞ்சியை மற்றதைத் திறக்க வைத்தார். சட்டப்படி. அடுத்த வாரம் மேயர் மச்சானின் கல்யாணம். அதற்கு அடுத்து ஏதோ மாநாடு. இன்றைக்குக் கிடங்கில் போய் நின்றேன். பீப்பாய்களைக் காலால் தட்டினால் மார்லேனி செத்த வருடம் கேட்ட அதே சத்தம்.

ஏப்ரலில் நீ சொன்னது சரிதான். அந்த வரியைக் கேட்டது என் முட்டாள்தனம். அதை எடுத்துவிடு. அம்மா செத்ததால் வந்த வரியில் இவர்கள் கல்யாணத்துக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இரண்டு பூட்டும் இருக்கட்டும். ஆனால் இரண்டாவது சாவி பிஞ்சியிடம் வேண்டாம். அவனும் கேட்க மாட்டான். அந்த நாளுக்குப் பிறகு அவன் முரசைத் தொடவில்லை, சாவியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ரோசில்டாவிடம் கொடு. காலையில் வந்தால் கடையை விட்டு எழுந்திருக்காதவள். திருநாள் என்றால் இன்னும் சீக்கிரம் வருகிறவள், அன்றைக்குத்தான் வியாபாரம். எனக்கு உறவு இல்லை, இயக்குநருக்குப் பயமும் இல்லை. போன வாரம் அவரிடமே கஞ்சிக்கடன் கேட்டு ஊரைக் கூட்டிவிட்டாள்.

யோசித்துப் பார் அக்கா. அம்மா தமாஷாகவா கேட்டாள்? துறையை விட்டு அசையாத ஒருத்தியிடம் சாவி இருக்க வேண்டும் என்றாள். நீ உறவு என்று தள்ளினாய், நான் சிரித்தேன். உறவு இல்லாத ஒருத்தி அவள் பக்கத்துப் பலகையிலேயே உட்கார்ந்து நம்மோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நாம் இரண்டு பேரும் படித்தவர்கள். ஒருவர் கண்ணிலும் அவள் படவில்லை. அன்றைக்கு அம்மாவை ரோசில்டாவின் பலகையில்தான் படுக்க வைத்தோம். அவள் இடுப்பில் அந்தச் சாவி இருந்திருந்தால் என்று தினமும் நினைத்துக்கொண்டே அந்தக் கடையைத் தாண்டிப் போகிறேன்.

நில்டர்


லீமா, 9 அக்டோபர் 1999

தம்பி,

வரியை எடுத்துவிட்டேன். கிடங்குக்கு எதிரில் வசிக்கிற அல்லது நாள் முழுதும் தொழில் செய்கிற, அலுவலகத்தில் யாருக்கும் உறவில்லாத ஒருவரிடம் இரண்டாவது சாவி இருக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுக்கட்டும். அவருக்கு மாதப்படியும் உண்டு. "அரசாங்கச் சாவிய கஞ்சி விக்கிறவகிட்டயா?" என்று மேலதிகாரி கேட்டார். "ஆமா சார், எங்கம்மாவும் கஞ்சி வித்தவதான்" என்றேன். கோப்பை வாங்கி முத்திரை குத்தினார். உங்கள் இயக்குநரின் மூன்று சீட்டுகளுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அதிலும் என் கையெழுத்துதான்.

அம்மா ஏப்ரலில் கேட்டதை ஒரு பத்தியாக எழுத எனக்கு அரை மணி நேரம்தான் ஆயிற்று. அதை எழுதிவிட்டுக் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் முதல் நாள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நான் வரலாமா? நீ வேண்டாம் என்றால் வர மாட்டேன். இந்த முறை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் சீட்டு வாங்குவேன்.

அக்கா


புவெர்த்தோ லிரியோ, 21 அக்டோபர் 1999

அக்கா,

இந்தக் கடிதத்தை இக்கிட்டோஸ் போகிற நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன், விமானத்தில் சீக்கிரம் வந்துவிடும்.

ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் ரோசில்டாவுக்கே கை தூக்கினார்கள். சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறாள். நேற்று முன்தினம் மேலாற்றிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு கொண்டுவந்தார்கள். நான் கிடங்குக்கு ஓடினேன். எனக்கு முன்னால் ரோசில்டா அங்கே நின்றாள். கையில் ஒட்டியிருந்த வாழைப்பழக் கூழைக்கூடக் கழுவவில்லை. பூட்டெல்லாம் கூழ். இந்த மாதம் வந்த பெட்ரோல் அப்படியே இருந்தது, படகு உடனே போய்விட்டது. பெண் குழந்தை, இரண்டும் நலம் என்று ஆள் வந்து சொன்னான்.

படகு போனதும் நான் காலிப் பீப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டேன். ரோசில்டா பக்கத்தில் வந்து நின்று, "இவ்வளவு சுளுவா இது? இதுக்கா அவ செத்தா?" என்றாள். ஆமாம் என்றேன்.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். என் மேலும் போகவில்லை. கடப்பாரை கையில் இருந்தது. உனக்குக் கொடுத்த வாக்கு, அம்மா சொன்ன சொல் எல்லாவற்றையும் தாண்டி ஒரே ஒரு முறை ஓங்கியிருந்தால் போதும். அதனால் நீ ஒருத்தி மட்டும் சுமக்க வேண்டியதில்லை.

வா. மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருக்கிறேன். ஒடிலியா என்று அம்மா பெயர் வைத்த கோழி இன்னும் கொல்லையில் திரிகிறது. அதை அறுக்க இங்கே யாருக்கும் மனம் வரவில்லை. சான் ஹுவானுக்கு இந்த வருடம் நம் வீட்டில் யாரும் ஹுவானே கட்டவில்லை. நீ வந்தால் வேறு கோழி வாங்கிக் கட்டலாம். முடிச்சு மேலே நிற்கும்படி கட்ட எனக்கு வராது, உனக்குத்தான் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

இலை வெட்டப் போக வேண்டாம். இப்போது ரோசில்டா கடையிலேயே விற்கிறாள்.

நில்டர்